குர்லா மடல்: அடுத்த வீடு விழிக்காத கிதார்

குர்லாவில் குடியிருக்கும் நம்மவர்க்குச் சுவர் என்பது பெயரளவில்தான் உண்டு. ஒரு வீட்டில் கடுகு தாளித்தால் மூன்றாம் வீட்டில் தும்முவர். ஒரு வீட்டுப் பிள்ளை பரீட்சைக்கு உருப்போடும் பாடம் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு மனப்பாடமாகிவிடும். இத்தகைய இடத்தில் இசைக்கருவி பழக விரும்புவோர் பாடு எப்படியிருக்கும் என்று கூறவும் வேண்டுமோ? வாய்ப்பாட்டுக்காரர் குரலைத் தாழ்த்திக்கொள்ளலாம். வீணைக்காரர் விரலைத் தளர்த்தி மீட்டலாம். மின்கிதார் வாங்கிய பிள்ளைக்கோ அந்த வழியும் இல்லை. ஆம்ப்ளிபையரைத் தட்டிவிட்டால் மாடி முழுதும் கேட்கும். தட்டாமல் வாசித்தால் துடைப்பக்குச்சியை நிமிண்டியது போல ஓர் ஓசை எழும், அவ்வளவுதான்.

சென்ற ஆண்டில் நமக்குத் தெரிந்த இளைஞர் இருவர் தம் கிதாரை வந்த விலைக்கு விற்றுவிட்டனர். இருவரும் சோம்பேறிகள் அல்லர். அவர்களுள் ஒருவர் வீட்டின் கீழ்ப்பகுதியில், இரவெல்லாம் மருத்துவமனையில் பணிபுரிந்துவிட்டுப் பகலில் உறங்கும் செவிலி ஒருவர் குடியிருக்கிறார். மும்முறை பொறுத்த அவ்வம்மையார் நான்காம் முறை படியேறி வந்து அழுதுவிட்டார். கோபித்திருந்தால் பிள்ளை வாதாடியிருப்பான். அழுகிறவரிடம் என்ன சொல்ல முடியும்? மறுவாரமே கிதார் வேறு கை மாறிவிட்டது.

நம் சங்கத்து மெல்லிசைக் குழுவில் இப்போது கிதார் வாசிப்பது நாம்தான். நமக்குப் பிறகு அந்த நாற்காலியில் அமர வேண்டியவன் நம் தமக்கையின் மகன். வயது பதினெட்டு. நம்மைவிடக் கைவேகம் உள்ளவன். அவனும் விற்றுவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தான். இந்நிலையில், குழுவுக்கென ஒரு கிதார் ஆம்ப்ளிபையர் வாங்க உறுப்பினரிடமிருந்து ரூ. 18,000 திரட்டப்பட்டிருந்தது. ஆம்ப்ளிபையர் வாங்குவதா, அல்லது ஆம்ப்ளிபையரைப் போலவே ஒலிக்கும்படி செய்யப்பட்ட பெடல் ஒன்றை வாங்குவதா என்ற கேள்வி எழுந்தது. செம்பூரில் உள்ள அன்பர் ஒருவர் தம்முடைய பெடலை ஒரு திங்கள் இரவல் தந்து உதவினார். அதை வீட்டிலும் ஒத்திகையிலும் வைத்துச் சோதித்ததன் விவரமே இம்மாத மடல். பெட்டியின் பெயரைச் சொல்லி விளம்பரம் செய்வது இப்பக்கத்தின் வழக்கமன்று. ஆதலின் அதை விட்டுவிடுவோம்.

முதலில், மின்கிதாருக்கு ஆம்ப்ளிபையர் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைப் பார்ப்போம். வீணையில் குடம் செய்யும் வேலையை மின்கிதாரில் ஆம்ப்ளிபையர் செய்கிறது. கம்பியின் கீழே காந்தமும் செப்புக்கம்பிச் சுருளும் உள்ளன. எஃகுக் கம்பி அதிரும்போது சுருளில் மிகச் சிறிய மின்னோட்டம் பிறக்கும். அதைப் பெரிதாக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்புவது ஆம்ப்ளிபையர். ஆனால் உள்ளதை உள்ளபடி பெரிதாக்குவது மட்டுமன்று அதன் தொழில். வீட்டில் மர்பி ரேடியோவோ பிலிப்ஸ் ரேடியோவோ வைத்திருந்த பெரியவர்களுக்கு வால்வு என்றால் தெரியும்: தட்டியவுடன் பாடாது, சூடேறிய பின்னரே வாய் திறக்கும். அதே வால்வுகள்தாம் பழைய கிதார் ஆம்ப்ளிபையர்களிலும் உள்ளன. வால்வை அதன் எல்லைக்கு மேல் உழைக்க வைத்தால் ஒலியின் முகடுகள் மழுங்கும். மழுங்கும்போது புதிய மேற்சுரங்கள் பிறக்கும். வானொலிக்காரருக்கு இது குற்றம். கிதார்க்காரருக்கோ இதுவே குணம்.

கலிபோர்னியாவில் வானொலி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த லியோ பெண்டர் செய்த பெட்டிகளும், லண்டனில் டிரம் கடை நடத்திய ஜிம் மார்ஷல் 1960களில் அவற்றுள் ஒன்றைப் பின்பற்றிச் செய்த பெட்டிகளும், அதே நாட்டு வாக்ஸ் பெட்டியும் உலகெங்கும் புகழ்பெற்றமைக்கு இந்தக் ‘குற்றமே’ காரணம். இளையராஜா, ரகுமான் பாடல்களில் நாம் கேட்கும் கிதார் ஒலிகளுக்கும் இக்குடும்பத்தோடு ஏதோ ஒரு வகையில் உறவு உண்டு.

இங்கேதான் சிக்கல். அந்த இனிய மழுங்கல் வேண்டுமானால் பெட்டியை உரக்கத் திருக வேண்டும். திருகினால் கட்டடமே அதிரும். மேலும், பெண்டரின் டுவின் ரிவெர்ப் என்னும் பெட்டி 85 வாட் ஆற்றலுடையது. எடை ஏறக்குறைய 29 கிலோ. மாலை ஆறு மணிக்குக் குர்லா நடைமேடையில் அதைத் தூக்கிக்கொண்டு நின்று பாருங்கள்! லக்கேஜ் பெட்டியில் ஏறலாம் என்பர். மீன்கூடைக்கும் தகர டப்பாக்களுக்கும் இடையே அதை நிறுத்தி வைத்து முலுந்து வரை காவல் காத்து வர ரயில்வேயில் பணிபுரியும் நமக்கே துணிவில்லை.

எனவேதான் பெட்டியின்றிப் பெட்டியின் ஒலியைப் பெறும் முயற்சிகள் தொடங்கின. ‘பாஸ்டன்’ என்னும் அமெரிக்க இசைக்குழுவை நடத்திய டாம் ஷோல்ஸ், எம்.ஐ.டி.யில் பயின்ற பொறியாளர். அவர் 1980களின் தொடக்கத்தில், இடுப்பில் மாட்டிக்கொண்டு ஹெட்போனில் கேட்கும்படியான ராக்மேன் என்னும் சிறு பெட்டியை வெளியிட்டார். 1989இல் நியூயார்க்கில் டெக் 21 நிறுவனத்தின் ஆண்ட்ரூ பார்ட்டா, வால்வு ஆம்ப்ளிபையரின் குணத்தை டிரான்சிஸ்டர் சுற்றுகளால் பாவிக்கும் சான்ஸ்ஆம்ப் என்பதைக் கொணர்ந்தார். ‘சான்ஸ்’ என்றால் ‘இல்லாமல்’ என்று பொருளாம். பெயரே சொல்லிவிடுகிறது. 1998இல் லைன் 6 நிறுவனத்தின் பாட் வந்தது. மொச்சைக்கொட்டை வடிவில் சிவப்பாக இருக்கும். அது முதல் கணினிக் கணக்கின் காலம் தொடங்கிற்று. இன்று 5,000 ரூபாய்க்குள் கிடைக்கும் சீனப் பெட்டிகளும் உள்ளன. 1,00,000 ரூபாயைத் தாண்டுவனவும் உள்ளன.

நிற்க. ‘பாவனைதானே, அசலாகுமா?’ என்று நம் குழுவின் மூத்த தபேலாக்காரர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அவர் வீட்டுப் பூஜை அறையிலேயே மின்சாரச் சுருதிப்பெட்டி ஒன்று நாள்தோறும் பாடுகிறது! பெங்களூரைச் சேர்ந்த ராஜ் நாராயண் என்னும் பொறியாளர், புல்லாங்குழல் வித்துவானும் ஆவார், 1970களின் இறுதியில் மின்னணுத் தம்புராவைச் செய்தார். இன்று கச்சேரி மேடையிலேயே அத்தகைய பெட்டிகள் அமர்ந்திருக்கக் காண்கிறோம். தம்புராவின் நாதம் அதில் முழுமையாக இல்லை என்பது மெய். ஆயினும் தம்புரா வைக்க இடமற்ற ஓரறை வீட்டில் சுருதியோடு பாடக் கற்ற பிள்ளைகள் எத்தனை பேர்! மின்சாரத்தால் கருநாடக இசை கெடும் என்பாருக்கும் விடையிருந்தது. மாண்டலின் ஸ்ரீநிவாஸ், எட்டுக் கம்பி கொண்ட மேனாட்டுக் கருவியை ஐந்து கம்பி மின்மாண்டலினாக்கி, கமகத்தை இழையவிட்டு, 2014இல் நாற்பத்தைந்து வயதில் மறையும் வரை உலகைக் கேட்க வைத்தார். தபேலாக்காரர் தலையசைத்தார். ஆனால் ‘கேட்ட பிறகு சொல்கிறேன்’ என்றார். அதுவே சரி.

இனி வீட்டுச் சோதனை. பெட்டி உள்ளங்கையளவு. ஒரு பக்கம் கிதார், மறுபக்கம் ஹெட்போன், 9 வோல்ட் அடாப்டர். மூன்று வகை ஆம்ப்ளிபையர்களைத் தேர்ந்தெடுக்க ஒரு குமிழ். ஒலியளவு, கரகரப்பின் அளவு, கனம், நடு, கூர்மை ஆகியவற்றுக்குத் தனித்தனிக் குமிழ்கள். மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்த நமக்கு இது போதும். ஐம்பது பக்கத் திரைப்பட்டியல் உள்ள பெட்டிகளைக் கண்டால் சரக்குக் கட்டண அட்டவணை நினைவுக்கு வந்து தலை சுற்றுகிறது.

இரவு பத்தரை மணிக்கு, பிள்ளைகள் உறங்கிய பின், ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதற் சுரத்தை மீட்டினோம். காதுக்குள் ஒரு பெரிய கூடம் விரிந்தது. மெல்ல மீட்டினால் தெளிவாகவும், அழுத்தி மீட்டினால் சற்றே கரகரத்தும் ஒலித்தது. விரலின் அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி மாறுவதுதான் நல்ல பெட்டிக்கு அடையாளம். எப்போதும் ஒரே அளவில் கரகரப்பது பொம்மை. அரை மணி கழித்து நிமிர்ந்தபோது இல்லாள் எதிரே நின்றிருந்தார். “கச்சேரி உங்களுக்கு மட்டுந்தானா? எங்களுக்கு டிக் டிக்கென்று கேட்கிறதே!” என்றார். அந்த ‘டிக் டிக்’ அடுத்த வீட்டுக்குப் போகவில்லை என்பதை மறுநாள் காலையில் உசாவித் தெரிந்துகொண்டோம். அங்குள்ள மராத்திய ஆஜி, “நேற்று நீ வாசிக்கவில்லையே, உடம்புக்கு என்ன?” என்று கேட்டார். இதைவிடச் சான்றிதழ் வேறென்ன வேண்டும்?

இதில் வெறும் அண்டை வீட்டு மரியாதை மட்டுமன்று, சட்டமும் உண்டு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபல், இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45 டெசிபல் என்பது வரம்பு. நம் தெருவில் ரிக்ஷாக்காரரின் ஹாரனே இதைத் தாண்டும் என்பது வேறு கதை.

ஆனால் ஹெட்போனிலும் ஓர் அபாயம் உண்டு. அண்டை வீட்டார் காது தப்பியது; நம் காது? 85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் வரை கேட்கலாம் என்பது பணியிடங்களுக்கு வகுக்கப்பட்ட ஓர் அளவு. மூன்று டெசிபல் கூடுந்தோறும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் கால் மணி நேரந்தான். பழகும் பிள்ளைக்கு உற்சாகம் ஏற ஏறக் குமிழும் ஏறும். நம் மருமகனுக்கு ஒரு விதி வைத்தோம்: ஹெட்போன் அணிந்திருக்கையில், பக்கத்திலிருந்து அம்மா வழக்கமான குரலில் கூப்பிட்டால் காதில் விழ வேண்டும். “அப்படியானால் கடைக்குப் போகச் சொல்வார்களே மாமா” என்றான். போகட்டுமே!

இன்னொன்று. கம்பியில்லாத புளூடூத் ஹெட்போன் இதற்கு உதவாது. ஒலி காற்றில் ஒரு விநாடியில் ஏறக்குறைய 340 மீட்டர் செல்லும். அதாவது மூன்று மில்லி விநாடித் தாமதம் என்பது ஆம்ப்ளிபையரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நிற்பதற்குச் சமம். பெட்டியின் கணக்குக்கு ஆகும் தாமதம் இவ்வளவுதான், காதுக்குத் தெரியாது. புளூடூத்திலோ நூறு மில்லி விநாடிக்கும் மேல் தாமதம் ஏற்படுவது சாதாரணம். விரல் ஒரு ஸ்டேஷனிலும் ஒலி அடுத்த ஸ்டேஷனிலும் இருக்கும். வாங்கும்போது பெட்டியில் ஹெட்போன் துளை உண்டா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். மலிவானவை பலவற்றில் இராது.

ஒத்திகைக்கு வருவோம். ஞாயிறு மாலை, சங்கத்துக் கூடம். கீபோர்டு, தபேலா, ரிதம் பேட், பாடுவோர் இருவர், கிதார். ஆம்ப்ளிபையர் இன்றிப் பெட்டியிலிருந்து நேரே மிக்ஸருக்கு வயரைக் கொண்டுசென்றோம். இவ்விடத்தில் ஒரு நுட்பம் உண்டு. கிதாருக்கான பன்னிரண்டு அங்குல ஒலிபெருக்கி, ஏறத்தாழ 5,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட கூர்மையான ஒலிகளைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். பாடகருக்கான ஒலிபெருக்கி அவற்றை விழுங்காது. எனவே கிதாரின் கரகரப்பை நேரே அதில் விட்டால் தகர டப்பாவில் அடைத்த குளவிக்கூட்டம் போல இருக்கும். இதற்காகவே நல்ல பெடல்களில் ஆம்ப்ளிபையரோடு ஒலிபெருக்கிப் பெட்டியையும், அதன் முன் வைத்த மைக்கையும் பாவிக்கும் பகுதி ஒன்று இருக்கிறது. மிக்ஸருக்கோ ஹெட்போனுக்கோ செல்லும்போது அதைத் திறந்து வைக்க வேண்டும். உண்மையான கிதார் ஆம்ப்ளிபையரில் செருகும்போது மூடிவிட வேண்டும். திறந்தும் மூடியும் வாசித்துக் காட்டினோம். மூடியபோது பாடகி காதைப் பொத்திக்கொண்டார்.

வீட்டில் தேனாக இருந்த ஒலி கூடத்தில் அப்படியே இருக்கவில்லை. தனியே வாசிக்கையில் கனம் நிறைந்து இனித்தது, கீபோர்டும் தபேலாவின் இடக்கை டக்காவும் சேர்ந்ததும் அமிழ்ந்து போயிற்று. கூட்டத்தில் இடம் பிடிப்பது உரத்த குரலன்று, வேறுபட்ட குரல். கனத்தைப் பாதியாகக் குறைத்து, நடுப்பகுதியை ஏற்றி, எதிரொலியை ஏறக்குறைய நீக்கி, கரகரப்பையும் தணித்தோம். தனியே கேட்டால் மெலிந்து வறண்ட அந்த ஒலி, குழுவோடு சேர்ந்தபோது எல்லார்க்கும் விளங்கிற்று. ஒத்திகைக்கென ஒன்றும் வீட்டுக்கென ஒன்றுமாகக் குமிழ்களின் நிலையைக் காகிதத்தில் படம் வரைந்து வைத்துக்கொள்வது நலம்.

குறை ஒன்று உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆம்ப்ளிபையர் முதுகுக்குப் பின்னால் இருந்தால் காற்றே அதிர்ந்து சட்டையில் படும். நீண்ட சுரம் ஒன்றைப் பிடித்தால் ஒலிபெருக்கியின் அதிர்வு கம்பிக்குத் திரும்பி வந்து அச்சுரத்தைத் தாங்கிப் பிடிக்கும். பெடலில் அது இல்லை. மேலும் ஒலி முழுதும் முன்னாலுள்ள பெரிய ஒலிபெருக்கி வழியே கேட்போரை நோக்கிச் செல்வதால், ரிதம் பேட் வாசிப்பவருக்குக் கிதார் கேட்கவேயில்லை. அவர் தாளத்தை ஊகித்து வாசித்தார். இரண்டாவது சரணத்தில் அந்த ஊகம் தவறிற்று. ஆகவே பெடல் மட்டும் போதாது. வாசிப்போரை நோக்கித் திருப்பி வைக்கும் சிறிய ஒலிபெருக்கி ஒன்றும் வேண்டும். இந்தச் செலவைக் கணக்கில் சேர்க்காமல் ‘பெடல் மலிவு’ என்று சொல்வது முழு உண்மையன்று.

ஒத்திகையின் நடுவே ‘ம்ம்ம்’ என்றோர் இரைச்சல். மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் முனகல் அது. ‘ரயில் கம்பிதான் காரணம்’ என்று ஒருவர் நம்மைப் பார்த்தே சொன்னார். இந்தியாவின் முதல் மின்சார ரயில் 1925 பிப்ரவரி 3இல் விக்டோரியா டெர்மினஸிலிருந்து வந்து சேர்ந்த ஊர் இந்தக் குர்லா. அன்று 1,500 வோல்ட் நேர்மின்சாரம், இன்று 25,000 வோல்ட் மாற்றுமின்சாரம். ஆனால் பழியை ரயில்வே ஏற்பதற்கு முன், கூடத்தின் மின்விசிறி ரெகுலேட்டரை அணைத்துப் பார்த்தோம். முனகல் பாதி குறைந்தது. பெடலுக்கும் மிக்ஸருக்கும் ஒரே பலகையிலிருந்து மின்சாரம் கொடுத்தோம், மீதியும் அடங்கியது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். முனகலை நிறுத்த, பிளக்கின் எர்த் முனையைப் பிடுங்கிவிடும் வழக்கம் நம் விழாப் பந்தல்களில் உண்டு. இளைஞர்கள் அதைச் சாமர்த்தியம் என்று எண்ணுகின்றனர். 1972 மே மாதத்தில், வேல்ஸ் நாட்டு ஸ்வான்ஸீ நகரில், லெஸ் ஹார்வி என்னும் கிதார்க்கலைஞர் ஒழுங்காக எர்த் செய்யப்படாத மைக்கை மேடையிலேயே தொட்டு மின்சாரம் பாய்ந்து மாண்டார். கிதார்க்காரர் கை எப்போதும் கம்பியின் மேல் இருக்கும்; கம்பி எர்த்தோடு இணைந்திருக்கும்; உதடு மைக்கைத் தொடும். இருபுறமும் மின்னழுத்தம் வேறுபட்டால் நடுவில் இருப்பது மனிதன். முனகலைப் போக்க டி.ஐ. பாக்ஸ் என்னும் சிறு பெட்டி லாமிங்டன் சாலைக் கடைகளில் கிடைக்கும். எர்த் முனையைத் தொடாதீர்கள்.

தபேலாக்காரரின் தீர்ப்பை எல்லாரும் எதிர்பார்த்தோம். ஒரு பழைய மெட்டை இருமுறை வாசிக்கச் சொல்லிக் கண்மூடிக் கேட்டார். “கிதார் நன்றாயிருக்கிறது. நீதான் இரண்டாவது கட்டத்தில் ஓடுகிறாய்” என்று மருமகனிடம் சொன்னார். பெட்டியைப் பற்றி அதற்கு மேல் அவர் பேசவில்லை.

செயற்குழு கூடிற்று. ரூ. 18,000இல் நடுத்தர விலையுள்ள பெடல் ஒன்றும், பழைய மானிட்டர் ஒலிபெருக்கி ஒன்றும், கம்பியுள்ள ஹெட்போன் இரண்டும் வாங்குவதென முடிவாயிற்று. மேடை வாசிப்புக்கு மேலும் ஆம்ப்ளிபையர் தேவைப்பட்டால் அன்றைக்கு வாடகைக்கு எடுக்கலாம். பெடல் சங்க அலமாரியில் பூட்டிக் கிடக்கக்கூடாது என்று நாம் வாதாடினோம். சிலர் கெட்டுவிடும் என்று அஞ்சினர். இறுதியில், கிதார் பழகும் பிள்ளைகள் ஒப்பமிட்டு வாரத்துக்கு ஒருவராக வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம், ஞாயிறு ஒத்திகைக்குத் திருப்பிக் கொணர வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறிற்று. முதல் வாரம் நம் மருமகனுக்கு. இரண்டாம் வாரத்துக்கு, கிதாரை விற்றுவிட்ட அந்த இளைஞர் பெயர் கொடுத்திருக்கிறார். அவருக்கு இப்போது கிதார் இல்லை. வீட்டில் சும்மா இருக்கும் கிதார் எவரிடமேனும் இருந்தால், கம்பி அறுந்திருந்தாலும் பரவாயில்லை, ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்குச் சங்கத்துக் கூடத்துக்குக் கொண்டுவந்து தரலாம்.